பகட்டுப் பயணியின் இடமாற்றம்: பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவையில் வெளிநாட்டு விடுமுறை, 1957–2020

1. ஆய்வுப் பொருள்

வெளிநாடு போன ஆங்கிலேயர் ஒருவர் ஓட்டல் முகப்பில் நின்று தோரணை காட்டுகிறார். தன் மொழி புரியாதவரிடம் அதே மொழியில் இன்னும் உரக்கப் பேசுகிறார். சாப்பாட்டைக் குறை சொல்கிறார், அறையைக் குறை சொல்கிறார், அந்த ஊர் வெயிலையும் குறை சொல்கிறார். சற்று நேரத்தில் அவருடைய தோரணை எல்லார் முன்னிலையிலும் கலைந்து போகிறது. பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவையில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் திரும்பத் திரும்ப வந்த பாத்திரம் இது.

இந்தப் பாத்திரத்தை 'ஆங்கிலேயரின் தேசிய குணம்' என்று சொல்லி முடித்துவிடும் வழக்கம் உண்டு. பேரரசை இழந்த நாடு தன் பழைய மிடுக்கை விடுமுறைக்கு எடுத்துச் செல்கிறது என்பது அந்த விளக்கம். அதில் ஓரளவு உண்மை இருந்தாலும், 1957இல் சிரிக்க வைத்த பகட்டும் 1984இல் சிரிக்க வைத்த பகட்டும் ஏன் வேறுவேறாக இருக்கின்றன என்பதற்கு அதில் பதில் இல்லை. மாறாத குணத்தைக் காட்டி மாறிய சிரிப்பை விளக்க முடியாது.

இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து இது: வெளிநாட்டுப் பயணத்தின் விலை ஒவ்வொரு முறை இறங்கும்போதும் பகட்டு தன் இடத்தை மாற்றிக்கொண்டது. பயணம் அரிதாக இருந்தபோது வெளிநாடு போவதே பெருமை. எல்லாரும் போகத் தொடங்கியதும், கூட வந்தவர்களிலிருந்து தன்னைப் பிரித்துக் காட்டுவது பெருமையாயிற்று. போவது ஒரு விஷயமே இல்லை என்றானபின், தான் வெறும் சுற்றுலாப் பயணி அல்ல என்று நிறுவுவதே பெருமையாக மிஞ்சியது. இந்த நகர்வை 'ஹான்காக்ஸ் ஹாஃப் ஹவர்' தொடரின் 'தி ஆல்பைன் ஹாலிடே' (1957) தொடங்கி 'தி ட்ரிப்' தொடர் (2010–2020) வரை பின்தொடரலாம். தொலைக்காட்சியே முதன்மைச் சான்று. அதே எழுத்தாளர்களோ நடிகர்களோ பங்கேற்ற திரைப்படங்கள் துணைச் சான்றாக வருகின்றன.

2. தொலைக்காட்சிக்கு முன்

பயணியைக் கேலி செய்வது தொலைக்காட்சி கண்டுபிடித்த ஒன்றல்ல. 18ஆம் நூற்றாண்டில் பிரபு குடும்பத்துப் பிள்ளைகள் பாரிஸ், ரோம் எனப் பல மாதங்கள் சுற்றிக் கல்வியை நிறைவு செய்து திரும்பினார்கள். அந்தப் பெரும் பயணத்தின் தகுதி, அதற்கான செலவிலும் காலத்திலும் இருந்தது. ரயிலும் நீராவிக் கப்பலும் வந்ததும் நடுத்தர வர்க்கம் அதே பாதையில் இறங்கியது. தாக்கரே 1850இல் ரைன் நதிக்கரைக்குப் போகும் கிக்கிள்பரி குடும்பத்தை எழுதினார். ரிச்சர்ட் டாயில் 1854இல் பிரவுன், ஜோன்ஸ், ராபின்சன் என்ற மூன்று சாமானியர்களின் ஐரோப்பியப் பயணத்தைக் கேலிச் சித்திரங்களாக வரைந்து வெளியிட்டார்.

தாமஸ் குக் 1841 ஜூலை 5 அன்று லெஸ்டரிலிருந்து லாஃப்பரோவுக்கு மதுவிலக்கு இயக்கத்தாரை ரயிலில் அழைத்துச் சென்றார். 1855இல் பாரிஸ் பொருட்காட்சியை ஒட்டி ஐரோப்பாவுக்கும் 1863இல் சுவிட்சர்லாந்துக்கும் குழுக்களைக் கூட்டிப் போனார். எதிர்ப்பு உடனே கிளம்பியது. இத்தாலியில் பிரிட்டிஷ் துணைத் தூதராக இருந்த நாவலாசிரியர் சார்லஸ் லீவர் 1865இல் 'பிளாக்வுட்ஸ்' இதழில் புனைபெயரில் எழுதி, குக் அழைத்துவந்த கூட்டத்தைக் கடுமையாகச் சாடினார். கவனிக்க வேண்டியது, அவர் சாடியது இத்தாலியரை அல்ல, தன் நாட்டவரை. இந்தக் கோபத்தின் வரலாற்றை ஜேம்ஸ் புஸார்ட் 1993இல் வெளிவந்த 'தி பீட்டன் டிராக்' நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். 'நான் பயணி, மற்றவர்கள் சுற்றுலாக் கூட்டம்' என்னும் பிரிவினை, சுற்றுலாத் தொழில் பிறந்தபோதே உடன் பிறந்தது என்பது அவர் வாதத்தின் சாரம்.

சுவிட்சர்லாந்துக்கு இதில் தனி இடம் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹென்றி லன் அங்கே குளிர்கால விளையாட்டு விடுமுறைகளை ஏற்பாடு செய்தபோது, மேல்தட்டுத் தனியார் பள்ளிகளில் படித்தோருக்கென்று சங்கம் ஒன்றை அமைத்து அதன் வழியாகவே ஓட்டல்களை அமர்த்தினார். பனிச்சறுக்கு ஓட்டலில் அறை கிடைப்பது, எந்தப் பள்ளியில் படித்தார் என்பதற்கான சான்றிதழ்போல ஆனது. தொலைக்காட்சிப் பாத்திரமான ஹான்காக் அரை நூற்றாண்டு கழித்து அந்த மலைக்குப் போவதன் வேடிக்கை இந்தப் பின்னணியில்தான் முழுதாக விளங்கும்.

3. 1957: கிழக்கு சீமிலிருந்து ஆல்ப்ஸ் வரை

'ஹான்காக்ஸ் ஹாஃப் ஹவர்' 1954 நவம்பரில் பிபிசி வானொலியில் தொடங்கி 1956இல் தொலைக்காட்சிக்கும் வந்தது. எழுதியவர்கள் ரே கால்டன், ஆலன் சிம்ப்ஸன். இளம் வயதில் காசநோய் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றபோது அறிமுகமாகி இணைந்தவர்கள். முதல் தொலைக்காட்சி வரிசையின் ஆறு பகுதிகளும் இன்று இல்லை. இரண்டாம் வரிசையின் தொடக்கமாக 1957 ஏப்ரல் 1 அன்று ஒளிபரப்பான 'தி ஆல்பைன் ஹாலிடே'தான் எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது. நேரடியாக நடித்து ஒளிபரப்பிய நிகழ்ச்சி அது. ஓடும்போதே திரையிலிருந்து பிலிமில் பிடித்துவைத்ததால் பிழைத்தது.

டோனி ஹான்காக் ஏற்ற பாத்திரத்தின் முழுப் பெயர் ஆண்டனி அலோஷியஸ் செயின்ட் ஜான் ஹான்காக். முகவரி, 23, ரயில்வே கட்டிங்ஸ், கிழக்கு சீம். பெயரில் பிரபுத்துவம், முகவரியில் ரயில் பாதை ஓரத்துக் குடியிருப்பு. ஹோம்பர்க் தொப்பியும் ரோமக் கழுத்துப்பட்டை வைத்த மேல்கோட்டும் அணிந்து, தனக்கு உரிய மரியாதையை உலகம் தர மறுக்கிறது என்று நம்பும் மனிதர். நடிகரின் பெற்றோர் போர்ன்மத் கடற்கரையில் ஓட்டல் நடத்தியவர்கள். விருந்தினர் முகப்பில் நின்று காட்டும் அதிகாரம் எத்தனை விதம் என்பதை அவர் சிறு வயதிலேயே பார்த்திருக்க வாய்ப்புண்டு.

ஆல்ப்ஸ் பகுதியின் கதை சின்னது. ஹான்காக் பனிச்சறுக்கு விடுமுறைக்குப் புறப்படுகிறார். போன இடத்தில் தனி அறை கிடைக்கவில்லை. இன்னொருவரோடு அறையைப் பகிர வேண்டும். அந்த இன்னொருவர் கென்னத் வில்லியம்ஸ். மூக்கால் இழுத்துப் பேசி ஒட்டிக்கொண்டு விடாத தொல்லைப் பேர்வழியாக வானொலியில் ஏற்கெனவே புகழ்பெற்ற பாத்திரத்தோடு வருகிறார். போதாக்குறைக்கு ஆல்ப்ஸ் மலைவாசிகளைப்போல் யோடல் பாடுகிறவர்.

இதில் சுவிட்சர்லாந்துக்காரர்கள் ஹான்காக்குக்குச் செய்யும் தீங்கு மிகக் குறைவு. அவரைச் சித்திரவதை செய்வது இன்னொரு ஆங்கிலேயர். லண்டன் புறநகரிலிருந்து தப்பி மேல்தட்டு மலைக்கு ஏறியவருக்கு, அந்தப் புறநகரே அடுத்த கட்டிலில் படுத்திருக்கிறது. கனவானுக்கு அடையாளம் தனி அறை. அது பறிபோனதும் மீதிப் பகட்டு நிற்கத் தரையில்லை. பின்னாளில் வரும் எல்லா வெளிநாட்டு விடுமுறை நகைச்சுவைகளுக்கும் அடித்தளமான வடிவம் இங்கே உருவாகிவிட்டது: வெளிநாடு என்பது பிரிட்டிஷ் வகுப்பினரை ஒன்றாகப் பூட்டிவைக்கும் அறை.

இதே எழுத்தாளர்கள் 1961இல் 'தி ரெபெல்' திரைப்படத்தில் எதிர்த்திசையைச் சோதித்துப் பார்த்தார்கள். அலுவலக எழுத்தர் ஹான்காக் வேலையை உதறிவிட்டுப் பாரிசுக்குப் போய் ஓவியராகிறார். கலை உலகம் அவரை மேதை என்று நம்பிவிடுகிறது. தொலைக்காட்சியில் அடக்கப்பட்ட பகட்டு இங்கே சிறிது காலம் விலைபோகிறது. வெளிநாட்டில் தன் முகவரி யாருக்கும் தெரியாது என்பதே அந்த வெற்றியின் ரகசியம். அறையில் இன்னொரு ஆங்கிலேயர் இல்லாதவரை வேடம் நிற்கும்.

4. விலையும் சட்டமும்: 1947–1974

ஹான்காக்கின் பயணத்தைப் பெருமைக்குரியதாக்கியது காலத்தின் பொருளாதாரம். போருக்குப் பின் அந்நியச் செலாவணி தட்டுப்பாட்டால் உல்லாசப் பயணத்துக்குப் பணம் கொண்டுபோவதை அரசு கட்டுப்படுத்தியது. 1947 அக்டோபரிலிருந்து சில மாதங்கள் அடியோடு நிறுத்தியது. 1952இல் ஓர் ஆளுக்கு வரம்பு 25 பவுண்டு. பிறகு தளர்ந்து, 1966இல் மீண்டும் 50 பவுண்டாகச் சுருங்கியது. எடுத்துச் செல்லும் தொகையைப் பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் எழுதி முத்திரை குத்தினார்கள். 1970இல் வரம்பு 300 பவுண்டாக உயர்ந்தது. 1979 அக்டோபரில் செலாவணிக் கட்டுப்பாடே நீங்கியது.

இன்னொரு பக்கம் மலிவுப் பயணம் மெல்ல முளைத்தது. விளாடிமிர் ரைட்ஸ் என்ற இளைஞர் 1950 மே மாதம் வாடகை விமானத்தில் ஒரு குழுவை கோர்சிகா தீவின் கால்வி நகருக்கு அனுப்பினார். விமானம், கூடாரத்தில் தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து 32 பவுண்டு 10 ஷில்லிங். தொடக்கத்தில் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் மட்டுமே அனுமதி. அவருடைய ஹொரைசன் நிறுவனத்தை பேக்கேஜ் டூர் தொழிலின் முன்னோடியாகக் கருதுகிறார்கள். ஆனால் அரசு விமான நிறுவனத்தைக் காக்க ஒரு விதி இருந்தது: பேக்கேஜ் டூரின் மொத்த விலை, அதே ஊருக்கான வழக்கமான விமானப் போகவரக் கட்டணத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. 1970களின் தொடக்கத்தில், முதலில் குளிர்காலப் பயணங்களுக்கு இந்த விதி தளர்ந்தது. செலாவணி வரம்பு உயர்ந்ததும் விலைத்தளம் உடைந்ததும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் நடந்தன.

ஸ்பெயின் தயாராக இருந்தது. மீன்பிடி ஊரான பெனிடார்மின் மேயர் பெத்ரோ சரகோசா 1956இல் நகரத் திட்டம் வகுத்தார். பிகினி அணிய அனுமதித்ததற்காகத் திருச்சபை மிரட்டியபோது, வெஸ்பா ஸ்கூட்டரில் மாட்ரிட் வரை போய் சர்வாதிகாரி ஃபிராங்கோவிடமே முறையிட்டார் என்பது அவரைப் பற்றி ஊரறிந்த கதை. 1967இல் அலிகாந்தே அருகே புதிய விமான நிலையம் திறந்தது. அடுக்குமாடி ஓட்டல்கள் வேகவேகமாக எழுந்தன. கட்டி முடிக்காத ஓட்டல்களிலும் ஆட்களை இறக்கிய புகார்கள் பெருகின. பிபிசி 1969இல் 'ஹாலிடே' நிகழ்ச்சியையும், ஐடிவி 1974இல் 'விஷ் யூ வேர் ஹியர்' நிகழ்ச்சியையும் தொடங்கி, விடுமுறையை ஒப்பிட்டு வாங்கும் சரக்காக வீட்டுக்குள் கொண்டுவந்தன.

5. 1972: கூட்டத்தின் ஆண்டு

இந்த மாற்றம் நகைச்சுவையில் பதிந்தது 1972இன் இறுதியில். நவம்பர் 16 அன்று 'மான்டி பைதன்' தொடரின் மூன்றாம் வரிசையில் டிராவல் ஏஜென்ட் காட்சி ஒளிபரப்பானது. எரிக் ஐடில் நடித்த வாடிக்கையாளர் டூர் பதிவு செய்ய வருகிறார். எதிரே மைக்கேல் பேலின். பேக்கேஜ் டூர் என்ற பேச்சு வந்ததுமே வாடிக்கையாளர் மடை திறக்கிறார். கூட வரும் கூட்டம், வெந்து கருகிய முதுகுகள், ஸ்பெயினில் விற்கும் ஆங்கிலேய பீர், விமான நிலையத்தில் காத்துக் கிடப்பது எனச் சரம்சரமாக வசை. ஏஜென்ட் நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை. காட்சி தாண்டியும் பேச்சு தொடர்கிறது.

ஹான்காக்கோடு ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். ஹான்காக்குக்கு வெளிநாடு தெரியாது, தெரிந்ததாகக் காட்டிக்கொண்டார். பைதன் பயணிக்கு எல்லாம் தெரியும்; அத்தனை நுணுக்கமாகத் திட்ட வேண்டுமானால் பலமுறை போய்வந்திருக்க வேண்டும். தான் இகழும் கூட்டத்தில் தானும் ஒருவர் என்பதை அவர் வசையே காட்டிக்கொடுக்கிறது. இப்போது பெருமை வெளிநாட்டை அறிவதில் இல்லை. சக பயணியை வெறுப்பதில் இருக்கிறது. லீவர் 1865இல் மனமார எழுதியதை பைதன் குழு 1972இல் கேலிக்குரியதாக்கியது. இடையில் அந்த வெறுப்பு மேல்தட்டிலிருந்து எல்லாரிடமும் இறங்கிவிட்டது.

அதே பருவத்தில் வெளிவந்த 'கேரி ஆன் அப்ராட்' திரைப்படம் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தது. எல்ஸ்பெல்ஸ் என்ற கற்பனைத் தீவில் பாதி கட்டிய ஓட்டல். பீட்டர் பட்டர்வொர்த் நடித்த பெப்பே ஒருவரே பல வேலைகளையும் பார்க்கிறார். கடைசியில் மழையில் கட்டடம் சரிகிறது. இதில் பகட்டுக்குத் தனி நாயகன் இல்லை, கூட்டமே நாயகன். பதினைந்து ஆண்டுக்கு முன் ஹான்காக்கின் அறையில் தொல்லை கொடுத்த அதே கென்னத் வில்லியம்ஸ் இங்கே டூர் நிறுவனத்தின் வழிகாட்டி. மூக்கால் இழுக்கும் குரல் மாறவில்லை. ஆனால் இப்போது அது புகாரைக் கேட்டு மழுப்பும் குரல். பயணி வாடிக்கையாளராகிவிட்டார். அவருடைய மிடுக்கு 'நான் யார் தெரியுமா' என்பதிலிருந்து 'நான் காசு கொடுத்திருக்கிறேன்' என்பதற்கு நகர்ந்தது.

1974 ஆகஸ்டில் கோர்ட் லைன் குழுமம் திவாலாகி, அதன் கிளார்க்சன்ஸ் நிறுவனத்தின் வழியே போயிருந்த பல்லாயிரம் பேர் வெளிநாட்டில் சிக்கினார்கள். அந்த ஆண்டில் அதே குழுமத்தின் கைக்குப் போயிருந்த ஹொரைசனும் உடன் மூழ்கியது. விலையை மட்டுமே நம்பிய தொழில் எவ்வளவு மெலிந்த இழையில் தொங்கியது என்பதை அது காட்டியது.

அதே 1974இல் லண்டன் வீக்கெண்ட் டெலிவிஷன் 'டோன்ட் டிரிங்க் தி வாட்டர்' தொடரைத் தொடங்கியது. 'ஆன் தி பஸ்ஸஸ்' தொடரில் ஓட்டுநரையும் நடத்துநரையும் விரட்டிய பஸ் இன்ஸ்பெக்டர் பிளேக்கி, ஓய்வுபெற்றுத் தங்கையோடு ஸ்பெயினில் அடுக்குமாடி வீட்டில் குடியேறுகிறார். ஸ்டீபன் லூயிஸ் அதே முகச்சுளிப்போடு நடித்தும் தொடர் இரண்டு வரிசைக்கு மேல் நீடிக்கவில்லை. காரணம் பாத்திர அமைப்பிலேயே இருப்பதாகத் தோன்றுகிறது. பிளேக்கியின் அதிகாரம் பதவியிலிருந்து வந்தது. அடங்க வேண்டிய ஆங்கிலேயர்கள் இல்லாத இடத்தில் அவர் பகட்டுக்கு வேலை இல்லை. 1977இல் 'ஆர் யூ பீயிங் சர்வ்ட்?' திரைப்படம் இந்தச் சிக்கலைத் தவிர்த்தது: கடை ஊழியர் அனைவரையும் பதவி வரிசை குலையாமல் கோஸ்டா பிளாங்க்காவுக்கு ஏற்றுமதி செய்துவிட்டது.

6. தலைகீழ் வடிவம்: டார்கி ஓட்டல்

வெளிநாட்டுப் பயணம் மலிவானதன் மறுபக்கம், இங்கிலாந்தின் கடற்கரை ஓட்டல்கள் வாடிக்கையாளரை இழந்தது. 'ஃபால்டி டவர்ஸ்' (1975, 1979) இந்த இழப்பின் நகைச்சுவை என்றும் படிக்கலாம். 1970இல் மான்டி பைதன் குழு டார்கியில் தங்கிய ஓட்டலின் உரிமையாளர் நடத்தையிலிருந்து அக்குழுவின் ஜான் கிளீஸ் இத்தொடரின் ஓட்டல் முதலாளி பாசில் ஃபால்டியை உருவாக்கினார். பாசில் பயணமே போவதில்லை. வெளிநாடு அவரிடம் வருகிறது. பார்சிலோனாவிலிருந்து பணியாளராக மானுவல், விருந்தினராக ஜெர்மானியர், அமெரிக்கர். ஹான்காக் முகப்பின் இந்தப் பக்கம் நின்று காட்டிய தோரணையை பாசில் அந்தப் பக்கம் நின்று காட்டுகிறார். மேல்தட்டு விருந்தினருக்காக ஏங்கி, வந்து சேரும் சாமானியர்களை விரட்டுகிறார். கூட்டத்தை வெறுக்கும் பைதன் பயணியே ஓட்டல் முதலாளியானால் எப்படி இருப்பார் என்பதற்கு இது பதில்.

7. மார்பெல்லா, லீட்ஸ் வழியாக

யார்க்‌ஷயர் டெலிவிஷன் தயாரித்த 'டூட்டி ஃப்ரீ' (1984–1986) தொடரில் வடிவம் முழு முதிர்ச்சி பெற்றது. எரிக் சாப்பல், ஜீன் வார் இணைந்து எழுதினார்கள். வேலையிழந்த டேவிட் பியர்ஸ் (கீத் பாரன்), கிடைத்த இழப்பீட்டுப் பணத்தில் மனைவி ஏமியோடு (க்வென் டெய்லர்) மார்பெல்லாவுக்கு வருகிறார். அதே ஓட்டலில் வசதியான காக்ரன் தம்பதி, ராபர்ட்டும் லிண்டாவும். டேவிட்டுக்கும் லிண்டாவுக்கும் இடையே ஒருபோதும் முழுதாக நிறைவேறாத காதல்.

பிரிட்டனில் வேலையில்லாதோர் 30 லட்சத்தைத் தாண்டியிருந்த காலம். தொடர் வந்த 1984இல் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தமும் தொடங்கியது. யார்க்‌ஷயர் அதன் மையங்களில் ஒன்று. அப்படிப்பட்ட ஆண்டில் வேலையிழந்தவரும் வசதி படைத்தவரும் ஒரே நீச்சல் குளத்தின் ஓரத்தில் படுத்திருக்க முடிகிறது. அதுதான் பேக்கேஜ் டூர் உண்டாக்கிய புதுமை. ஒரே விலை கொடுத்த இடத்தில் தரம் பிரிப்பது எப்படி? ராபர்ட் குரலாலும் கருத்தாலும் பிரிக்கப் பார்க்கிறார். டேவிட், தன் கொள்கையாலும் காதலாலும் தான் உயர்ந்தவர் என்று காட்டப் பார்க்கிறார். இருவருமே பகட்டர்கள், திசை மட்டும் வேறு.

இவர்களின் பகட்டைக் குத்திக் கிழிப்பவர் ஏமி. ஹான்காக் காலத்தில் அந்த வேலையைச் செய்தது சூழ்நிலை: கிடைக்காத அறை, விடாத தொல்லை. இப்போது அது மனைவியின் கையில் இருக்கிறது. வரவு செலவு தெரிந்தவர் அவர். இழப்பீட்டுப் பணம் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று கணக்குப் பார்ப்பவர். வீட்டுப் பொருளாதாரம் அறிந்தவரின் வாயிலிருந்து வரும் ஒரு சொல், காதல் வசனம் பத்தைச் சாய்த்துவிடுகிறது.

தயாரிப்பு முறையும் இக்கட்டுரையின் வாதத்துக்குச் சான்றளிக்கிறது. மார்பெல்லாவில் நடக்கும் இந்தத் தொடர், கடைசிக் கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதி நீங்கலாக, லீட்ஸ் நகர ஸ்டுடியோவில் படமானது. பால்கனி, மாடிப்படி, மதுக்கூடம் எல்லாம் அரங்க அமைப்பு. செலவைக் குறைக்கச் செய்ததுதான் என்றாலும் பார்வையாளர் அதைக் குறையாகக் கொள்ளவில்லை. கதைக்குத் தேவைப்பட்டது ஸ்பெயின் அல்ல. நான்கு ஆங்கிலேயர் ஒருவரையொருவர் தவிர்க்க முடியாத கட்டடம். 'கேரி ஆன் அப்ராட்' தீவும் இங்கிலாந்தின் பைன்வுட் ஸ்டுடியோவைச் சுற்றியே உருவானது.

8. பெனிடார்ம்: பகட்டு சிறுபான்மையாதல்

1990களில் ஐரோப்பிய வான்வழிச் சந்தை திறந்துவிடப்பட்டது. ஈஸிஜெட் 1995இல் பறக்கத் தொடங்கியது. பயணத்தின் விலை இன்னொரு படி இறங்கியது. பிபிசியின் 'ஹாலிடே' நிகழ்ச்சி 2007இல் முடிந்த அதே ஆண்டு ஐடிவியில் டெரன் லிட்டன் எழுதிய 'பெனிடார்ம்' தொடங்கி 2018 வரை ஓடியது. இது உண்மையான பெனிடார்மிலேயே படமானது.

கதை நடக்கும் சொலானா ஓட்டலில் உணவும் மதுவும் கட்டணத்துக்குள் அடக்கம்; வெளியே போகவே தேவையில்லை. மின் வண்டியில் வலம்வரும் வெயிலில் கருத்த பாட்டி மேட்ஜ், அவர் மருமகன் மிக் கார்வி குடும்பம், வினாடி வினாப் போட்டிகளில் வென்று தன்னை மேதையாகக் கருதும் ஜெஃப் எனப் பாத்திரங்கள். முதல் வரிசையில் நடுத்தர வர்க்கத் தம்பதி கேட்டும் மார்ட்டினும் தவறான இடத்துக்கு வந்துவிட்டவர்களாகத் தவிக்கிறார்கள். மூக்கைச் சுளிக்கும் கேட்தான் இத்தொடரின் பழைய பாணிப் பகட்டுப் பயணி. ஆனால் அவர் இங்கே சிறுபான்மை. நிகழ்ச்சியின் பரிவு வெட்கமில்லாமல் மகிழ்பவர்கள் பக்கம் சாய்கிறது. ஹான்காக் இந்த ஓட்டலுக்கு வந்திருந்தால் அவரைக் கீழிறக்க யாரும் மெனக்கெட்டிருக்க மாட்டார்கள். கவனிக்கவே ஆள் இருந்திருக்காது.

9. பயணி என்று அழைக்காதீர்கள்: 2010–2020

விலை இனி இறங்க இடமில்லாதபோது பகட்டுக்கு மிஞ்சிய ஒரே சரக்கு அறிவும் அனுபவமும்தான். ஸ்கை தொலைக்காட்சியின் 'ஆன் இடியட் அப்ராட்' (2010–2012) இதை ஒரு சோதனையாகவே நடத்தியது. ரிக்கி ஜெர்வைஸும் ஸ்டீபன் மெர்ச்சன்டும், ஊர் சுற்றுவதில் ஆர்வமில்லாத கார்ல் பில்கிங்டனை உலக அதிசயங்களைப் பார்க்க அனுப்பி, லண்டனிலிருந்தபடியே போன் வழியாக ஆட்டுவித்தார்கள். பில்கிங்டன் எதையும் வியப்பதாக நடிப்பதில்லை. பயணம் மனிதரை மேம்படுத்தும் என்ற, பெரும் பயணக் காலத்து நம்பிக்கையைச் சுமந்து பேசுபவர்கள் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள். பகட்டு முதன்முறையாகப் பயணியை விட்டு அவரை அனுப்பியவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

மைக்கேல் வின்டர்பாட்டம் இயக்கிய 'தி ட்ரிப்' முதலில் 2010இல் வட இங்கிலாந்தைச் சுற்றியது. பிறகு இத்தாலி (2014), ஸ்பெயின் (2017), கிரீஸ் (2020). ஸ்டீவ் கூகனும் ராப் பிரைடனும் தங்கள் பெயரிலேயே, சற்றே திரித்த தங்களாக நடிக்கிறார்கள். இத்தாலியில் அவர்கள் பைரன், ஷெல்லி ஆகியோரின் தடத்தில் போகிறார்கள். 18ஆம் நூற்றாண்டுப் பாதை திரும்ப வருகிறது. கூகன் வரலாறு சொல்கிறார், இலக்கியம் சொல்கிறார், திருத்துகிறார். ஸ்பெயினில் மூர்களின் வரலாறு பேச்சுக்கு வரும்போது, பிரைடன் நடிகர் ரோஜர் மூரின் குரலில் புகுந்து, மற்றவர்கள் அலுத்துப்போகும்வரை நிறுத்துவதில்லை. எதிரே உட்கார்ந்து விடாமல் குரல் மாற்றிப் பேசும் இந்தத் துணைவர், 1957இல் அடுத்த கட்டிலில் யோடல் பாடியவரின் நேர் வாரிசு. மாறியது ஒன்றுதான். ஹான்காக்குக்குத் தன் பகட்டு தெரியாது. கூகனுக்குத் தெரியும், தெரிந்தும் விட முடியவில்லை.

10. அயலவர் எங்கே?

இந்த வரலாறு நெடுகிலும் உள்ளூர்க்காரருக்குக் கிடைத்த இடம் குறுகியது: பணியாளர், மேலாளர், சமையல்காரர். அவர்களையும் பெரும்பாலும் பிரிட்டிஷ் நடிகர்களே ஏற்றார்கள். பெப்பேயாக நடித்த பட்டர்வொர்த் ஆங்கிலேயர். 'டோன்ட் டிரிங்க் தி வாட்டர்' தொடரின் ஸ்பானியப் பணியாள் கார்லோசாக நடித்த டெரெக் கிரிஃபித்ஸ் பிரிட்டிஷ் கறுப்பின நடிகர். மானுவலாக நடித்த ஆண்ட்ரூ சாக்ஸ் பெர்லினில் பிறந்து 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பி பிரிட்டனுக்கு வந்த குடும்பத்தவர். 'ஃபால்டி டவர்ஸ்' ஸ்பெயினுக்குப் போனபோது மானுவலை இத்தாலியராகவும், கட்டலான் மொழியில் மெக்சிகோக்காரராகவும் மாற்றி மொழிமாற்றம் செய்தார்கள். அயல்நாட்டார் தன் நாட்டவராக இல்லாதவரை எவரும் சிரிக்கலாம் என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று தேவையில்லை.

இந்தக் குறுகல் வெறும் இன ஏளனம் மட்டுமல்ல. ஏளனம் இருந்தது, மானுவலை அடிக்கும் காட்சிகளை இன்று அதே மனநிலையில் பார்ப்பது கடினம். ஆனாலும் கதைகளின் ஆற்றல் அங்கிருந்து வரவில்லை. பிரிட்டிஷ் பாத்திரங்கள் ஒருவர் மற்றவரின் தரத்தை அளக்கும்போதுதான் வசனம் கூர்மை பெறுகிறது. உள்ளூர்க்காரர் அந்த அளவையின் சாட்சியாக மட்டுமே நிறுத்தப்பட்டார். அது ஏளனத்தைவிட ஆழமான புறக்கணிப்பு. அதனால்தான் 'தி ட்ரிப்' போன்ற நாகரிகமான தொடரிலும் மாறாமல் தொடர்கிறது.

11. முடிவுரை

வரிசைப்படுத்தினால் நான்கு கட்டங்கள் தெரிகின்றன. செலாவணி வரம்பு இருந்த காலத்தில் ஹான்காக், வெளிநாட்டுக்குத் தகுதி படைத்தவராகத் தன்னைக் காட்டினார். பேக்கேஜ் டூர் பெருகிய 1970களில் பயணி, காசு கொடுத்தவராகவும் கூட்டத்தை வெறுப்பவராகவும் காட்டினார். எல்லா வகுப்பும் ஒரே குளத்தோரம் படுத்த 1980களில், சக பயணியைவிட உயர்ந்தவராகக் காட்டினார். மலிவு விமானக் காலத்தில் அவர் ஓரம் தள்ளப்பட்டு, பிறகு அறிவாளியாக வேடம் மாற்றினார். ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் ஒரு விலைக் குறைப்போ சட்டத் தளர்வோ நிற்கிறது.

இந்தப் பொருத்தம் முழுக் காரணமாகிவிடாது. எழுத்தாளர்களின் திறமை, நேரடி ஒளிபரப்பிலிருந்து ஸ்டுடியோவுக்கும் அங்கிருந்து வெளிப்புறப் படப்பிடிப்புக்கும் மாறிய தொழில்நுட்பம், ஒரே நடிகர் பல கட்டங்களைக் கடந்து வந்த தற்செயல் ஆகியவையும் வடிவத்தைச் செதுக்கின. பெண் பாத்திரங்கள் பகட்டைக் கலைப்பவர்களாக மட்டுமே நெடுங்காலம் இருந்ததற்கும், கேட் போன்ற பெண் பகட்டர் தாமதமாகவே வந்ததற்கும் விலையை மட்டும் காட்டி விளக்கம் சொல்ல முடியாது.

ஆனால் தேசிய குணம் என்ற விளக்கத்துக்கு இச்சான்றுகள் இடம் தரவில்லை. குணமே காரணம் என்றால் ஹான்காக்கும் கூகனும் ஒரே காரணத்துக்காகச் சிரிப்பைத் தந்திருக்க வேண்டும். அவர்கள் தரும் சிரிப்பு வேறு, ஏனெனில் அவர்கள் கையில் இருந்த டிக்கெட்டின் விலை வேறு. பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் பகட்டுப் பயணி வெளிநாட்டைப் பற்றி நமக்குச் சொன்னது மிகக் குறைவு. எந்த ஆண்டில், எந்த வகுப்பார், எவ்வளவு செலவில் வீட்டை விட்டுக் கிளம்ப முடிந்தது என்பதற்கோ அவர் நம்பத்தகுந்த ஆவணம்.